கிளிவெட்டி வயலில் ஓர் இன்கா முகம்

திருகோணமலைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். கோயிலா, வெந்நீர்க் கிணறா, துறைமுகமா? ஒரு பானையை எடுத்து வரப் போகிறேன் என்றேன். தலைமையாசிரியை சிஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடல் கடந்து போய் எடுத்து வர அப்படி என்ன பானை என்று கேட்டார். சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும் என்று வகுப்புக்குப் போய்விட்டேன்.

இப்போது மணி அடிக்கப் போவதில்லை, சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சூசை சரக்குக் கப்பலில் சமையல்காரர். பெரு தேசத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து கிளம்பிய கப்பல் தேயிலை ஏற்றத் திருகோணமலைக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சல் முற்றியிருந்தது. அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவர் அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம் ஆனார். எனக்கு வந்தது ஒரு தந்தி, பிறகு ஒரு பெட்டி.

அடுத்து நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கல்யாணப் போட்டோவைக் கரையான் அரித்துவிட்டது, அதுவும் அவர் நின்ற பாதியை மட்டும். நான் பட்டுச்சேலையும் பூமாலையுமாக முழுசாக நிற்கிறேன். கரையானுக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை. வேறு படமே கிடையாது, அவருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. வருஷம் போகப் போக அவர் முகம் எனக்கு மறக்கத் தொடங்கியது. குரல் நினைவிருந்தது. நடை நினைவிருந்தது. கப்பலுக்குப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடப்பார். திரும்பிப் பார்ப்பது ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நான் தெருமுனையில் நின்று அந்த முதுகைத் திட்டித் தீர்ப்பேன். அதனால்தானோ என்னவோ முதுகு நன்றாக நினைவிருந்தது. முகம்தான் கைக்கு அகப்படவில்லை. ராத்திரி ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லும்போது எதிரே யாரும் இல்லாமல் சொல்வதாக இருக்கும். அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தபோதுதான் பானையைப் பற்றிச் சொன்னார். அந்தத் தேசத்து மலைகளில் முன்னொரு காலத்தில் இன்கா என்ற ராஜவம்சம் ஆண்டதாம். அவர்கள் காலத்து மாதிரியில் கழுத்திலே மனித முகம் வைத்து, வர்ணம் தீட்டிய பானை ஒன்றைச் சூசை கடைத்தெருவில் வாங்கினாராம். "அப்படியே அவன் முகம் அக்கா. கப்பலில் எல்லோரும் சொல்லிச் சிரிச்சோம்" என்றார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பானை இல்லை.

பிறகு ஒரு வருஷம் பிலோமினா வந்தார். திருகோணமலை ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்ப்பவர். வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர், வந்த வழியை விட்டுத் தூத்துக்குடிவரை வந்து, கோயில் கோயிலாக விசாரித்து என்னைக் கண்டுபிடித்தார். சூசையின் கல்லறையில் ஒவ்வொரு நவம்பரிலும் மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்றார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஹனீபா என்ற கிண்ணியா ஆள் பானையைக் கொண்டுபோனார் என்றும் சொன்னார். யார் பெற்ற பிள்ளையோ! நான் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இப்படித்தான் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு சில நாள் லீவு சேர்த்துக்கொண்டு, வைக்கோல் நிரப்பிய ஒரு பெரிய ஓலைக்கூடையோடு கிளம்பினேன்.

திருகோணமலையை ஒட்டிய பாலையூற்றில் பிலோமினா வீட்டில் தங்கல். முதல் காலை இடியப்பத்தோடு சொதி என்றதும் எனக்கு வாயூறியது. எங்கள் ஊர்ப் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. காய்கறி, தேங்காய்ப்பால், பக்கத்தில் இஞ்சித் துவையல் என்று பெரிய ஆர்ப்பாட்டம். இங்கே வந்ததோ மஞ்சளாக, தண்ணீராக, இரண்டு வெங்காயம் மிதக்கும் ஒன்று. இதுவா சொதி என்று மனசுக்குள் முகம் சுளித்தேன். இடியப்பத்தில் ஊற்றி, தேங்காய்ச் சம்பலையும் வைத்துப் பிசைந்து ஒரு வாய் போட்டதும் அந்தச் சுளிப்பு போன இடம் தெரியவில்லை. தேநீருக்குச் சீனி தட்டுப்பாடு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். நம் கருப்பட்டிதான், பெயர் வேறு.

அரிசிக்கும் கஷ்ட காலம் அது. வாரத்தில் சில நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறே போடக்கூடாது என்று அரசாங்க உத்தரவு. அப்படியிருந்தும் பிலோமினா எனக்கு ஒரு வேளைகூட மரவள்ளிக்கிழங்கை வைக்கவில்லை. அவர் மட்டும் குசினிக்குள் போய்க் கிழங்கைச் சாப்பிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். மறுநாள் நானும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டாயப்படுத்திக் கிழங்கை வாங்கித் தின்றேன்.

அன்று மத்தியானம் கல்லறைக்குப் போனோம். சுற்றிலும் சிப்பி பதித்து, புல் செதுக்கி, சுத்தமாக வைத்திருந்தார். சிலுவையில் பெயர் இருந்தது. முழங்காலிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. யாருக்காக அழுகிறோம் என்று முகம் தெரியவேண்டாமா? திரும்பும் வழியில், நம் ஊரில் மாடு திரிவதுபோல இந்த ஊரில் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று என் கூடையிலிருந்து வைக்கோலை உருவித் தின்னத் தொடங்கியது. "அது வாயில்லாச் சீவன், விடுங்கோ" என்றார் பிலோமினா. வாய் இருப்பதுதானே இங்கே தகராறு என்று சொல்லிக் கூடையைப் பிடுங்கினேன்.

மறுநாள் கிண்ணியாவுக்குப் பஸ். எனக்கு இடம் கிடைத்தது, கூடைக்கும் பக்கத்து இடத்தைப் பிடித்தேன். பின்னால் கடற்படைச் சிப்பாய்கள் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பிலோமினாவைக் கேட்டேன். வெறுங்கூடைக்கு எதற்கு ஒரு சீட்டு என்று ஒருவன் கேட்கிறானாம். கூடைக்கு ஆள் வரவேண்டியிருக்கும், பாவம், என்று மற்றவன் சொல்கிறானாம். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் அவனுக்கு நல்ல பெண்டாட்டி அமையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

துறையடியில் எல்லோரும் இறங்கி நின்றார்கள். எதற்கு நிற்கிறோம் என்றால், பாதை வரவேண்டும் என்றார்கள். பாதைதான் இங்கே வரைக்கும் வந்துவிட்டதே என்று பார்த்தால், பலகை மிதவை ஒன்று ஆளையும் சைக்கிளையும் லாரியையும் சுமந்துகொண்டு அக்கரையிலிருந்து மெல்ல வருகிறது. அதற்குத்தான் இங்கே பாதை என்று பெயர். பாலம் கட்டுவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்களாம். அது நம் ஊரிலும் உண்டு.

ஹனீபா வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வள்ளமும் வலையும் வைத்திருப்பவர், கருவாட்டு வியாபாரமும் உண்டு. நரைத்த தாடியோடு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். கையிலிருந்த வலையை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல என்னை அப்பிடிக் கூப்பிட்டது ஒரே ஒரு ஆள்தான்" என்றார். "நீங்க சூசைட பொஞ்சாதியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மனைவி பாத்தும்மா உள்ளேயிருந்து ஓடி வந்து என்னைக் கதிரையில் உட்கார்த்தி, விசிறி எடுத்து வீசத் தொடங்கிவிட்டார். என் கணவரின் கடைசி நாட்களை ஹனீபாதான் எனக்குச் சொன்னார். கஞ்சியில் உப்பில்லை என்று வார்டையே கலக்கினாராம். ஜுரத்திலும் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு மீன்குழம்பு எப்படி வைப்பது என்று பாடம் நடத்தினாராம். அவரேதான், சந்தேகமே இல்லை.

பானை எங்கே என்று கேட்டேன். ஹனீபா மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். உடைந்துவிட்டதா என்றேன்.

உடையவில்லை, பயப்படவேண்டாம் என்றார் ஹனீபா. ஆனால் பானை இந்த வீட்டில் இல்லை. தொழுகிற வீட்டுக்குள் முகம் வைத்த உருவத்தை வைக்க முடியாது. வைத்தால் மலக்குமார் வீட்டுக்குள் வரமாட்டார்கள். மலக்குமார் என்றால் எங்கள் பாஷையில் சம்மனசுகள், தேவதூதர்கள். ஆனால் இறக்கப்போகிற மனிதர் கையில் கொடுத்த பொருள் அமானிதம், நம்பி ஒப்படைத்த அடைக்கலம். அதைக் கைவிடவும் முடியாது. முதலில் கடற்கரை வாடியில், மீன் உலர்த்தும் குடிசையில் வைத்திருந்தார். அதற்கு அடி கூர்மையாக இருப்பதால் தரையில் நிற்காது, மணலில் குழி தோண்டி நிறுத்தினாராம். ஒரு மாரிக்காலத்தில் வாடிக்குள் கடல் வந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாராம். அதன்பிறகு கிளிவெட்டியில் தன்னோடு கூட்டாக வயல் செய்யும் கந்தையாவிடம், பத்திரமாக வைத்துத் தரும்படி கொடுத்திருக்கிறார்.

"என்ட வலைகூட அந்த மாரியில போயிட்டுது" என்றார் ஹனீபா. "அத எடுக்கலாம் எண்டுதான் போனன். பானை மிதந்து வந்து கையில தட்டிச்சு."

அன்று மத்தியானம் மீன் ஆணமும் சோறும். அந்தக் காலத்தில் எனக்காக அவ்வளவு அரிசியை உலையில் போட்டிருந்தார்கள். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது, மிளகு தட்டிப் போட்டிருந்தது. இரண்டாம் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கள் வீட்டுக் குழம்பு. அந்தப் பாடம் வீணாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிலோமினாவுக்கு வேலை இருந்ததால் அவர் டவுனுக்குத் திரும்பினார். பெண்பிள்ளையை அந்நிய ஆணோடு தனியாக அனுப்பக்கூடாது என்று பாத்தும்மா என்னோடு கிளம்பினார். விடிந்ததும் ஹனீபாவின் மோட்டார் வள்ளத்தில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூருக்குப் பயணம். குடாவின் நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. அலை வேறு. நான் செபமாலையை எடுத்தேன், பாத்தும்மா தஸ்பீஹை எடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மணிகளை உருட்டினோம். ஹனீபா என்ஜினோடு கதைத்தார், கெஞ்சினார், கடைசியில் சுத்தியலால் ஒன்று வைத்தார். ஓடத் தொடங்கியது. எந்த மணிக்கு ஓடியது என்று பாத்தும்மாவும் நானும் மூதூர் வரும்வரை வழக்காடிக்கொண்டு வந்தோம்.

மூதூரிலிருந்து டிராக்டர் பெட்டியில், உர மூட்டைகளின் மேல். எலும்பெல்லாம் இடம் மாறி மறுபடி பழைய இடத்துக்கு வந்ததாகத் தோன்றியது. இரண்டு பக்கமும் வயல். கதிர் தள்ளத் தொடங்கும் பருவம், பச்சை கண்ணைக் கட்டியது. கிளிவெட்டி எல்லைக்குள் நுழைந்ததும் ஹனீபா திடீரென்று டிராக்டரை நிறுத்தச் சொன்னார். வரம்பைக் காட்டினார். அவருக்கும் அது புதுச் செய்திதான்.

வயல் நடுவில் ஒரு கவைக்கம்பு. கம்பின் கவையில் ஒரு பானை. பானையின் கழுத்தில் சுண்ணாம்பால் உருட்டிய கண்கள், கரியால் முறுக்கு மீசை, கோரப் பற்கள். எங்கள் பக்கம் திருஷ்டிப் பானை என்போம், அவர்கள் கண்ணூறுப் பானை என்கிறார்கள்.

இதைப் பார்க்கத்தானா கடல் கடந்து வந்தேன் என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரம்பிலே விழுந்தடித்துப் போனேன். கந்தையாவின் மனைவி நாகம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பத்திரமாக வைக்கச் சொன்ன பொருளைப் பேய்ப் பொம்மை ஆக்கி மழையில் நிறுத்துவதா என்று பொரிந்து தள்ளினேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு முகத்தைத் தேடி வந்த கதையையும் அந்தச் சூட்டிலேயே கொட்டிவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு நிதானமாகக் கேட்டு முடித்தார்.

"வீட்டுக்குள்ள வச்சா ஆடு தட்டும், பூனை தட்டும், அடியும் கூர், நிக்காது" என்றார். "வயலிலை கண்ணூறுக்கு வச்ச பானையிலை ஆர், ரீச்சர், கை வைப்பினம்? கள்ளனும் தொடமாட்டான். இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரிலை இல்லை."

வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அது உண்மை. எங்கள் தெருவில்கூட வீடு கட்டும்போது தொங்கவிடும் பூசணிக்காயை எந்தப் போக்கிரியும் தொட்டதில்லை.

கந்தையாவும் வந்து சேர்ந்தார். கம்பிலிருந்து பானையை இறக்கினார்கள். இடுப்பில் இரண்டு காது, முன்பக்கம் ஒரு சின்ன மிருகத்தலைக் குமிழ். கயிறு போட்டு முதுகில் சுமப்பதற்காக அந்தத் தேசத்தார் வைப்பதாம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். நாகம்மா கயிற்றை அதே காதுகளில் கோத்து, அதே குமிழில் சுற்றித்தான் கம்போடு கட்டியிருந்தார். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தேசிக்காயால், நம் எலுமிச்சைதான், சுண்ணாம்பைத் தேய்த்தோம். மீசை போனது, பற்கள் போயின. அடியிலிருந்து சிவப்பு வந்தது, கறுப்பிலும் வெள்ளையிலும் கட்டம் கட்டமாகக் கோலம் வந்தது. இத்தனை மாரியிலும் ஒரு கோடு அழியவில்லை. என்ன மண்ணோ, என்ன சூளையோ, செய்த கை நன்றாக இருக்கட்டும். அது பழங்காலத்து இன்காப் பானையா, அதே மாதிரி பிறகு செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியாக முகத்தைத் துடைத்தேன். நீண்ட கண்கள். கழுகு மூக்கு. உயர்ந்த கன்னம். கம்பீரமான, அமைதியான முகம்.

அது அவர் இல்லை.

கொஞ்சம்கூட இல்லை. மூக்கு இல்லை, வாய் இல்லை, எதுவுமே இல்லை. இதைப் பார்த்தா அவன் முகம் என்று சிரித்தார்கள், கண் அவிந்த பயல்கள்! "இது அவர் இல்லை" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கல்லறையில் வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது. பாத்தும்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஹனீபா நான் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அவர் இத மடியில வச்சிட்டுச் சொன்னார். 'கப்பல்ல எல்லாரும் இது நான்தான் எண்டு சொல்றாங்க. என்ட வீட்டுக்காரி மட்டும் இல்லையெண்டு சொல்லுவா, என்னை ஏசுவா. அத அவட வாயால கேக்கத்தான் வாங்கினன் அண்ணாச்சி' எண்டார்."

நான் மூக்கைச் சிந்தினேன். சிரிப்பும் வந்து தொலைத்தது. பானையைப் பார்த்து, இது நீர் இல்லை ஐயா, இந்த மூக்கைப் பார்த்தீரா, உமக்கு ஏது இந்த மூக்கு என்று நன்றாக நாலு வார்த்தை ஏசினேன். கேட்க வேண்டியவர் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

எருமைத் தயிரும் பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் ஊர்த் தயிரைக் கரண்டியால் எடுப்போம், இதைக் கத்தியால்தான் வெட்டவேண்டும். தின்றுவிட்டுப் பானையைக் கூடையில் வைக்கப்போனபோது நாகம்மா என் கையைப் பிடித்தார்.

"கதிர் தள்ளுற நேரம், வயல் முகமில்லாமல் நிக்கக்கூடாது" என்றார். "ஒண்டை வச்சிட்டுத்தான் மற்றதை எடுக்கவேணும். எடுக்கிற நீங்கள்தான் முகமும் போடவேணும்."

நியாயம்தானே. என்னிடம் பறிகொடுக்கிறவர் அவர். குசினியிலிருந்து கரிபிடித்த பழைய சோற்றுப் பானை ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். குழைத்த சுண்ணாம்புச் சிரட்டையை என்னிடம் நீட்டினார். கரும்பலகையில் கிளியும் மாம்பழமும் போடுகிற கைதான். இரண்டு கண், ஒரு மூக்கு, பயமாக நாலு பல் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று விரலைத் தோய்த்தேன்.

இடது கண் போட்டேன். மேலே புருவம் இழுத்தபோது விரல் நடுவில் நின்று, கொஞ்சம் இடம் விட்டு, மறுபடி இழுத்தது. கொதிக்கிற எண்ணெய் தெறித்து அவருக்குப் புருவம் அங்கேதான் அறுந்திருந்தது. அது எனக்கு ஞாபகத்தில் இல்லை, விரலுக்கு இருந்தது. பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வெளியே விரிந்த காதுகள். சப்பை மூக்கு. சிரித்தால் முன்னால் தெரிகிற பல் இடைவெளி. ஒரு பக்கம் கூடுதலாக ஏறும் உதடு. பயமுறுத்தவேண்டிய முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் விரலை எடுத்தேன்.

ஹனீபா குனிந்து பார்த்தார். தாடியைத் தடவினார்.

"இதுதான் சூசை" என்றார்.

அவரைக் கடைசியாகப் பார்த்த மனிதர் சொல்லிவிட்டார். எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சிரிக்கிற முகத்துக்குக் கண்ணூறு பயப்படுமா என்று நாகம்மாவைக் கேட்டேன். சிரிக்கிற ஆளைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள், பயிர் தப்பிவிடும் என்றார் அவர். மழை கரைத்தால் அந்தக் கோட்டிலேயே திரும்பவும் போடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார். இதற்கெல்லாம் நன்றி எப்படிச் சொல்வது? கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

கந்தையா கம்பில் பானையைக் கவிழ்த்துக் கட்டி, வயலைப் பார்க்க நிறுத்தினார். நாகம்மா உடனே சத்தம் போட்டார். முகம் ரோட்டைத்தான் பார்க்கவேண்டுமாம். போகிற வருகிறவர்களின் கண் பயிரில் விழுமுன் அதில் விழவேண்டும் என்பதுதான் முறையாம். கந்தையா முணுமுணுத்துக்கொண்டே கம்பைத் திருப்பினார்.

டிராக்டர் கிளம்பியது. இன்கா ராஜா மடியில் வைக்கோலுக்குள் இருந்தார். நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேர் ரோடு அது. வளைவு வந்து நான் மறையும்வரை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.